விண்வெளியில் நட்சத்திரம் தெரியுமா, தெரியாதா? போய் வந்தவர்கள் சொன்னதும் எழுதியதும்

வடக்குவீதி | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முன்னால் வந்து போனை நீட்டினான். 1969 ஆகஸ்ட் 12, ஹூஸ்டன். அப்பல்லோ 11 குழு மூன்று பேரும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் நட்சத்திரம் பற்றிக் கேட்கிறார். நிலவின் தரையில் இருந்தோ அதன் பகல் பக்கத்தில் இருந்தோ, கருவி வழியாகப் பார்க்காமல் வெறும் கண்ணால் எங்களால் நட்சத்திரங்களைப் பார்க்க முடிந்ததே இல்லை என்கிறார் ஆம்ஸ்ட்ராங். இன்னொருவர், பார்த்ததாக எனக்கு நினைவில்லை என்கிறார். அடுத்த காட்சியில் வேறு ஒரு விண்வெளி வீரர் வானம் முழுக்க நட்சத்திரம் என்கிறார். அதோடு வீடியோ முடிகிறது, கீழே பெரிய எழுத்தில் 'யார் சொல்வது பொய்?' என்று ஒரு வரி.

"மாமா, யார் பொய் சொல்றாங்க?" என்று இவனும் அதையேதான் கேட்டான்.

கேமராவில் ஏன் விழாது என்று எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன். "நான் கேமராவைக் கேட்கல, கண்ணைக் கேட்டேன்" என்றான். அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. சும்மா ஏதாவது சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் கேட்டது நல்ல கேள்வி. இரண்டு நாள் தேடினேன். கேள்வி கேட்டவர் பிரிட்டனின் பேட்ரிக் மூர், வானியலை மக்களிடம் கொண்டுபோனவர். அவர் பொதுவாக 'நட்சத்திரம் தெரிந்ததா' என்று கேட்கவில்லை, கூசும் வெளிச்சத்தையும் மீறி சூரியனைச் சுற்றி இருக்கிற கரோனா என்ற ஒளிவட்டத்தின் பக்கம் நட்சத்திரம் தெரிந்ததா என்றுதான் கேட்டிருக்கிறார். ஆம்ஸ்ட்ராங்கின் பதிலிலும் இரண்டு துண்டு இருக்கிறது: தரையில் இருந்து தெரியவில்லை என்பது ஒன்று, கரோனாவைப் படம் எடுத்த நேரத்தில் எந்தெந்த நட்சத்திரம் தெரிந்தது என்று நினைவில்லை என்பது இன்னொன்று. வீடியோவில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள்.

இதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பையனிடம் அப்படியே காட்டப் போகிறேன்.

மூன்றாம்சாமம் | வெள்ளி, இரவு 10:25

கப்பலில் இருபது வருடம் ஓடியவன் நான். விண்கலம் பற்றி வாத்தியார் யாராவது சொல்லட்டும், கண் பற்றி நான் சொல்கிறேன்.

செகண்ட் ஆபீசராக இருந்தபோது 12-4 காவல் எனக்கு. நள்ளிரவு பன்னிரண்டுக்கு பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற அறையில், பொறுப்பு எடுக்கிறவன் கொஞ்சம் முன்னாலேயே போய் இருட்டில் சும்மா நிற்க வேண்டும். கண் பழகும் வரை முந்தைய காவலில் இருப்பவர் பொறுப்பை ஒப்படைக்க மாட்டார். கேபின் விளக்கில் இருந்து நேராக வருகிற கண்ணுக்கு, ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி மாட்டிவிட்ட மாதிரிதான் இருக்கும். எதிரே வரும் மீன்பிடிப் படகின் விளக்கு கூடத் தப்பிவிடும். ரேடார் திரையை மங்க வைத்திருப்போம், சார்ட் டேபிளைச் சுற்றித் திரை, உள்ளே சின்னதாக சிவப்பு விளக்கு.

ஒருநாள் அரபிக் கடலில், அமாவாசையை ஒட்டி. பால்வீதி கடல் விளிம்பு வரை இறங்கியிருந்தது. ஒரு கேடட் பையன் டீ கொண்டுவந்தான், கையில் தட்டு இருந்ததால் பின்னால் கதவைச் சாத்த முடியவில்லை, வராந்தா ட்யூப்லைட் நேராக என் முகத்தில் அடித்தது. நாலைந்து வினாடிதான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பால்வீதியைக் காணவில்லை. மேகம் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நானே நினைத்தேன். பெரிய நட்சத்திரங்கள் நாலைந்து மட்டும் நின்றன, மற்றதெல்லாம் திரும்பி வர நெடுநேரம் ஆனது.

கண்ணின் பாப்பா விரிவது சில வினாடி வேலை. ஆனால் விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று இருக்கிற குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு, வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். அது மறுபடி சேர்ந்து கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். அவசரப்படுத்த வழியே கிடையாது.

இப்போது நிலவில் நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். காற்று இல்லாததால் வானம் கறுப்பு, சரி. ஆனால் காலடியில் தரை முழுவதும் வெயிலில் பளீரென்று கிடக்கிறது, பக்கத்தில் விண்கலத்தின் தகடுகள் மின்னுகின்றன, முகத்துக்கு முன்னால் தங்கப்பூச்சு போட்ட கண்ணாடி. மேலே வானம் கறுப்பாக இருந்து என்ன செய்ய, கண் உச்சி வெயிலுக்குப் பழகிய கண். என் பிரிட்ஜில் அந்த ட்யூப்லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி.

ஒளிப்பெட்டி | வெள்ளி, இரவு 11:02

கேமராவைக் கேட்கவில்லை என்று பையன் சொல்லிவிட்டான், இருந்தாலும் படம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். நிலவில் ஹாசல்பிளாட் கேமராவைப் பெரும்பாலும் 250இல் ஒரு வினாடி ஷட்டரில் வைத்து, வெயில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து லென்ஸின் திறப்பை எஃப் 5.6 முதல் 11 வரை மாற்றி எடுத்தார்கள். நம் ஊர் வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுக்க நான் வைக்கிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். நட்சத்திரம் எடுக்க எனக்குப் பத்து, இருபது வினாடி வேண்டும்.

ஆனால் நிலவில் இருந்து நட்சத்திரப் படமே எடுக்கவில்லை என்று சொன்னால் அது தப்பு. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 போனபோது, ஜார்ஜ் கேரதர்ஸ் வடிவமைத்த புற ஊதாக் கேமராவைக் கொண்டுபோய் விண்கலத்தின் நிழலில் நிறுத்தினார்கள். தங்க நிறத்தில் இருக்கும், படத்தில் பாருங்கள். பெரிய மாகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலம் அதில் விழுந்திருக்கிறது, பூமியைச் சுற்றி இருக்கிற ஹைட்ரஜன் ஒளிவட்டமும் விழுந்திருக்கிறது. நிழலில் நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் அதற்கு முந்தைய வருடம் அப்பல்லோ 14இல் ஆலன் ஷெப்பர்ட் எடுத்த படங்கள் சிலவற்றில் விண்கலத்துக்கு மேலே வெள்ளிக் கிரகம் புள்ளியாகத் தெரிகிறது. வெள்ளி அவ்வளவு பிரகாசம், அதனால்தான் சாதாரணப் படத்திலும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

கேள்விக்குறி | சனி, காலை 7:15

நிலவுத் தரை விஷயம் புரிந்தது. எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. பூமியில் இருந்து நிலவுக்குப் போக மூன்று நாள். அந்த மூன்று நாளும் சுற்றிலும் வெற்று இருட்டுதானே, அங்கே பளீர் என்று தரை எதுவும் இல்லையே? அப்போதும் வழியில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண முடியவில்லை என்று அவர்களே சொல்லியிருப்பதாகப் படித்தேன். வழி முழுக்க நட்சத்திரம் பார்க்காமல் எப்படித் திசை கண்டுபிடித்துப் போனார்கள்? குறை சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

பழைய கரும்பலகை | சனி, காலை 9:50

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சுருக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

முதலில் அந்த 'சுற்றிலும் இருட்டு' என்பது. பூமிக்கும் நிலவுக்கும் நடுவில் இரவே கிடையாது. நமக்கு இரவு என்பது பூமியின் நிழல்தான், அந்த நிழலை விட்டு வெளியே வந்துவிட்டால் சூரியன் மூன்று நாளும் அஸ்தமிக்காது. அதோடு, ஒரே பக்கம் வெயில் பட்டு சூடேறிவிடக் கூடாது என்பதற்காக விண்கலத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே போனார்கள், மணிக்கு மூன்று சுற்றுப் போல. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஜன்னல் வழியாகவும் சூரியன் உள்ளே வந்து போகும். கப்பல்கார நண்பர் சொன்ன கணக்கைப் பாருங்கள், கண் பழக 20, 30 நிமிடம். பழகி முடிப்பதற்குள் அடுத்த வெயில் வந்துவிடும். உள்ளே அறை விளக்கும் எரிகிறது, பல அடுக்கு ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் சிதறுகிறது.

திசைக்கு என்ன செய்தார்கள்? கப்பல்காரர்கள் செய்ததைத்தான் செய்தார்கள். விண்கலத்தில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கிற கருவி இருந்தது, 28 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கூடவே பெரிதாக்காத, பரந்து பார்க்கிற ஒரு தொலைநோக்கி. கணினியின் பட்டியலில் 37 நட்சத்திரங்கள். வீரர் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கோட்டின் நடுவில் கொண்டுவந்து பொத்தானை அழுத்துவார், அப்புறம் இன்னொரு நட்சத்திரம், அதை வைத்துக் கணினி தன் திசையைச் சரிசெய்துகொள்ளும். ஆம்ஸ்ட்ராங் 'கருவி வழியாகப் பார்க்காமல்' என்று சேர்த்துச் சொன்னாரே, அது இந்தக் கருவிகள்தான். அந்தச் சொல்லை வெட்டிவிட்டால் அவர் பதிலே மாறிவிடுகிறது.

அந்த 37இல் மூன்று பெயர் எனக்கு ரொம்பவும் பிடித்தவை. நாவி, ட்னோசஸ், ரெகோர். பழைய அரபுப் பெயர் மாதிரி ஒலிக்கும், ஆனால் அப்படி இல்லை. அப்பல்லோ 1 குழுவில் இருந்த மூவர் வைத்தவை. கஸ் கிரிஸம் தன் நடுப்பெயரான ஐவன் என்பதை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு நாவி ஆக்கினார். எட் வொயிட்டின் பெயருக்குப் பின்னால் 'இரண்டாமவர்' என்று வரும், அந்த செகண்ட் என்ற சொல்லைத் திருப்பி ட்னோசஸ். ரோஜர் சாஃபியின் ரோஜரைத் திருப்பி ரெகோர். நண்பர்களுக்குள் விளையாட்டாகச் செய்தது. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த தீ விபத்தில் மூவரும் இறந்துபோனார்கள். பின்னால் போனவர்கள் அந்தப் பெயர்களை மாற்றவில்லை, அந்த மூன்று நட்சத்திரத்தையும் அதே பெயர் சொல்லித்தான் நிலவுக்குப் போகும் வழியில் தேடினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நட்சத்திரம் பார்ப்பது எப்போதும் சுலபமாகவும் இருக்கவில்லை. கலத்தில் இருந்து கழிவுநீரை வெளியேற்றினால் அது உறைந்து துகளாகி வெயிலில் மின்னும், எது நட்சத்திரம் எது துகள் என்று தெரியாது. அப்பல்லோ 13 வெடிப்புக்குப் பிறகு சுற்றிலும் சிதறல்கள் மிதந்ததால் நட்சத்திரங்களை நம்பவே முடியாமல் போய், சூரியனை வைத்துத்தான் திசையைச் சரிபார்த்தார்கள். அதற்கு முன்னால் அப்பல்லோ 8இல் ஜிம் லவல் 1ஆம் எண் நட்சத்திரத்துக்குப் பதில் தவறுதலாக 1ஆம் எண் நிரலைத் தட்டிவிட, கணினி தான் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டது. லவல் ரீகலையும் சிரியஸையும் பிடித்துத் திசையை மறுபடி நிறுவினார். நட்சத்திரம் தெரியாமல் இருந்திருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான இடம். அப்பல்லோ 11 நிலவை நெருங்கியபோது நிலவு சூரியனை மறைத்தது, கலம் நிலவின் நிழலுக்குள் போனது. அப்போது ஆம்ஸ்ட்ராங் பூமியிடம் பேசியது பதிவில் இருக்கிறது. இது எங்களுக்குப் பெரிய மாற்றம், இப்போது மறுபடி நட்சத்திரம் தெரிகிறது, இந்தப் பயணத்தில் முதல்முறையாக நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண முடிகிறது, பூமியின் இரவுப் பக்கத்தில் இருப்பது போலவே வானம் நிறைந்திருக்கிறது என்கிறார். வழி நெடுக எப்போதாவதுதான் நட்சத்திரம் கண்ணில் பட்டது, ஒற்றைக்கண் தொலைநோக்கியில் பார்த்தாலும் கூட்டங்களை அடையாளம் காண முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நீங்கள் படித்த வரி இதுதான். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வேலூர்க்காரி | சனி, மாலை 4:30

வாத்தியார் ஐயா, நன்றி. அந்த மூன்று பெயர் கதை எனக்குத் தெரியாது.

வடக்குவீதி அண்ணா, உங்கள் மருமகனிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள். வீடியோவில் 'பார்த்ததாக நினைவில்லை' என்று சொல்கிறவர் மைக்கேல் காலின்ஸ். எழுத்தில் இருக்கும் பழைய பதிவு ஒன்றில் குழுவின் மூன்றாமவரான ஆல்ட்ரின் பெயர் போட்டிருப்பதால் குழப்பம், ஆனால் படத்தில் பேசுகிறவர் காலின்ஸ்தான். காலின்ஸ் நிலவில் இறங்கவே இல்லையே! மற்ற இருவரும் கீழே இருந்தபோது அவர் தனியாகத் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் 'நினைவில்லை' என்றது கரோனாவைப் பார்த்த நேரத்தைப் பற்றி.

அதே காலின்ஸ் 1974இல் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். நான் அதை இரண்டு முறை படித்திருக்கிறேன். நிலவின் பின்பக்கம் போனால் ஒவ்வொரு சுற்றிலும் 48 நிமிடம் பூமியோடு ரேடியோ தொடர்பே இருக்காது. அப்படித் தனியாகப் போகும்போது ஜன்னலில் என்ன தெரிந்தது என்று எழுதுகிறார்: நட்சத்திரங்கள் தெரிந்தன, வேறு எதுவும் தெரியவில்லை, நிலவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாத கறுப்பு மட்டும். அதாவது நட்சத்திரம் எங்கே இல்லையோ அங்கே நிலவு இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பல்லோ 15இல் அதே மாதிரி தனியாகச் சுற்றிய ஆல் வோர்டன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சூரிய வெளிச்சமும் இல்லாத, பூமியின் ஒளியும் எட்டாத பகுதியில் நட்சத்திரங்கள் அவ்வளவு அடர்த்தி, தனித்தனியாகப் பிரித்தே பார்க்க முடியவில்லை, ஒரே ஒளிப் பரப்பாக இருந்தது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஆக யார் பொய் என்றால், ஒருவரும் இல்லை. தெரியவில்லை என்றவரும் தெரிந்தது என்றவரும் ஒரே ஆள். வேறு வேறு நேரம், வேறு வேறு ஜன்னல்.

கேள்விக்குறி | சனி, மாலை 5:05

ஒரே ஆள் என்பது எனக்கு எதிர்பாராதது. சரி, நிலவு விஷயத்தில் நான் தெளிந்துவிட்டேன். விண்வெளி நிலையத்தின் நேரலையில் ஏன் கறுப்பாகவே இருக்கிறது? அங்கே நிழல் கிடைக்குமே?

ஒளிப்பெட்டி | சனி, இரவு 8:10

கிடைக்கும். நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, அதில் இரவு அதிகபட்சம் 35 நிமிடம் போல. இப்போது மறுபடி மூன்றாம்சாமம் அண்ணனின் கணக்கைப் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் முன்னால் போய் நின்றால், கண் முழுசாகப் பழகுகிற நேரத்தில் சூரியன் உதித்துவிடும்! நேரலைக் கேமரா வெளிச்சமான பூமிக்கு வைத்தது, அதில் நட்சத்திரம் விழாது.

ஆனால் அங்கிருந்து எடுத்த நட்சத்திரப் படம் வேண்டும் என்றால் டான் பெட்டிட் என்ற ஒரு ஆளைத் தேடிப் பாருங்கள். வேதிப் பொறியாளர், விண்வெளி வீரர், எனக்கு ஆசான் மாதிரி. 2002 நவம்பரில் முதல்முறை போனார், 2003 பிப்ரவரி 1 கொலம்பியா விண்வெளி ஓட விபத்தால் திரும்ப வேண்டிய தேதி தள்ளிப்போய் மே மாதம் வரை மேலேயே இருந்தார். அந்த மாதங்களில் மேலிருந்து கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார், நாசா அவற்றை வெளியிட்டது. துருவ ஒளிக்குள்ளேயே நிலையம் புகுந்து போன அனுபவத்தை, நம்மைச் சுருக்கி நியான் விளக்குக் குழாய்க்குள் போட்டுவிட்ட மாதிரி இருந்தது என்று எழுதியவர் இவர்தான். 2012லும் நிலையத்தில் இருந்து பூமிக்குக் கடிதம் என்றே தொடர்ந்து எழுதினார்.

இப்போது தொழில் விஷயம். தரையில் கேமராவை முக்காலியில் வைத்தால் நட்சத்திரம் மணிக்கு 15 டிகிரிதான் நகரும். நிலையமோ பூமிக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிச் சுற்றுவதால் நிமிடத்துக்கு 4 டிகிரி திரும்புகிறது. பதினாறு மடங்கு வேகம். அரை நிமிடம் ஷட்டரைத் திறந்தாலே நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். இவர் என்ன செய்தார் என்றால், 2012இல் அந்த இழுவையையே படமாக்கினார். 30 வினாடிப் படங்களை வரிசையாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே நட்சத்திரங்கள் வளைகோடுகள், கீழே ஊர்களின் விளக்குகள் நீளக் கோடுகள், நடுவில் இடி மின்னல் வெள்ளைப் பொட்டுகள். 2024 செப்டம்பரில் மறுபடி போனபோது தானே ஒரு சுழல்தாங்கியைச் செய்து எடுத்துப்போய், நிலையம் திரும்புகிற வேகத்துக்கு எதிராகக் கேமராவைத் திருப்பினார். நிலையத்தோடு இணைந்திருந்த டிராகன் கலத்தின் ஜன்னல் வழியாக அப்படி எடுத்த பால்வீதியில் நட்சத்திரங்கள் ஊசிமுனை மாதிரி நிற்கின்றன. 2025 ஏப்ரல் 20, தன் எழுபதாவது பிறந்தநாளில் தரையிறங்கினார். எழுபது வயதில் இருட்டில் ஜன்னல் ஓரம் நின்று ஷட்டர் அழுத்திய ஆள்!

சின்னக்குளம் | சனி, இரவு 8:48

நடுவில் ஒரு சந்தேகம். காற்று இல்லாததால் அங்கே நட்சத்திரம் பல மடங்கு பிரகாசமாக இருக்கும் என்கிறார்களே?

பழைய கரும்பலகை | சனி, இரவு 9:20

பல மடங்கெல்லாம் இல்லை. நல்ல இருட்டான மலையுச்சியில், தலைக்கு நேர் மேலே இருக்கிற நட்சத்திரத்தின் ஒளியில் காற்று தின்பது ஐந்தில் ஒரு பங்கு போலத்தான். வித்தியாசம் வேறு இடத்தில். மேலே நட்சத்திரம் மினுக்காது, ஆணி அடித்த மாதிரி நிற்கும். அடிவானத்திலும் மங்காது. கடைசியில் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாக ஒளிர்கிற மெல்லிய காற்றடுக்கு ஒன்று இருக்கிறது, ஆக்சிஜன் விடுகிற ஒளி, அதற்குள் இறங்கிப் பூமிக்குப் பின்னால் மறையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் முதல் சுற்றில் சூரியன் உதிக்கும் நேரம் ஆயிரக்கணக்கான மின்மினிகள் கலத்தைச் சுற்றி மிதப்பதாகச் சொன்னார். மே மாதம் போன ஸ்காட் கார்பென்டர் கலத்தின் உட்சுவரைக் கையால் தட்டினார், மின்மினிகள் பறந்தன. கலத்தின் மேல் படிந்த பனித்துகள்! மேலே இருப்பவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், அது என்ன என்று தெரிய இன்னொருவர் போய்த் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலூர்க்காரி | ஞாயிறு, காலை 6:40

டான் பெட்டிட் பேச்சு வந்ததால் எனக்குப் பிடித்த கடிதம் ஒன்று. நாம் மாலையில் மொட்டைமாடியில் நின்று நிலையம் நகர்ந்து போவதைப் பார்க்கிறோம் அல்லவா? நமக்கு இருட்டு, அவர்கள் மேல் வெயில், அதனால்தான் தெரிகிறது. அதே காரணத்தால் அந்த நேரத்தில் அவர்களால் நம்மைப் பார்க்க முடியாது என்று எழுதுகிறார். வெயில் பட்டு ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், அவர் முகமே மங்கலாகத் திரும்பி வரும்.

அதை மாற்றிப் பார்க்க 2012 மார்ச்சில் டெக்சாஸின் சான் அன்டோனியோ வானியல் சங்கத்து ஆட்கள் முன்வந்தார்கள். மேலே இருந்த இவரோடு பேசித் திட்டமிட்டு, நிலையமும் நிழலில் இருக்கிற நேரமாகக் கணக்குப் போட்டு, ஒரு வாட் நீல லேசரையும் பெரிய தேடுவிளக்குகளையும் நிலையத்தின் மேல் அடித்தார்கள். அவர் பார்த்தார், படமும் எடுத்தார். இருட்டு வயலில் இருந்து ஒரு நீலப் புள்ளி. கீழே நின்ற சிலருடைய விளக்கு, மேலே இருப்பவருக்கு நட்சத்திரமாகிவிட்டது.

வடக்குவீதி | ஞாயிறு, இரவு 10:15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முழு இழையையும் பையன் இரண்டு முறை படித்தான். காலின்ஸ் இடத்தில் நிறுத்தி, "அப்போ அந்த வீடியோ போட்டவங்க புத்தகத்தைப் படிக்கவே இல்லையா?" என்றான்.

நேற்று இரவு மூன்றாம்சாமம் அண்ணன் சொன்னதைச் செய்து பார்த்தோம். ஹால் ட்யூப்லைட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு நேராக மாடிக்கு ஓடினோம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடச் சொன்னேன். ஒரு புகை மாதிரி கூட இல்லை என்றான். இருவரும் போனைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பக்கத்து வீட்டு சிட்அவுட் விளக்குக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். பத்து நிமிடம் போனதும் நாலு என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஆறு, நேராகப் பார்த்தால் ஐந்து, கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் ஆறு என்று அவனே கண்டுபிடித்தான். அப்போது கீழே இருந்து அக்கா படிக்கட்டு விளக்கைப் போட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாள். "போச்சு" என்று கத்தினான். மறுபடி எண்ணினால் மூன்று.

மூன்றாம்சாமம் | ஞாயிறு, இரவு 10:31

தம்பி ஓரப்பார்வையைத் தானே கண்டுபிடித்தது பெரிய விஷயம். குச்சி செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன. கப்பலில் லுக்அவுட் நிற்கிறவனுக்கு முதல் வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்: மங்கலான விளக்கை நேராக முறைக்காதே.

வடக்குவீதி | திங்கள், காலை 6:05

பையன் காலையில் எழுந்ததும் ஒரு தாளை என்னிடம் கொடுத்தான். விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம், எந்த முகவரிக்கு என்று கேட்கிறான். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன், எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்வான்.

"நட்சத்திரம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஜன்னலுக்குப் போனபோது பூமியின் நிழலுக்குள் வந்து எத்தனை நிமிடம் ஆகியிருந்தது? உள்ளே விளக்கை அணைத்தீர்களா, அல்லது வேறு யாராவது வேலை செய்துகொண்டிருந்தார்களா? அதற்கு முன்னால் லேப்டாப் பார்த்தீர்களா? கார்த்திகையில் எத்தனை எண்ண முடிந்தது? எங்கள் மாடியில் எனக்கு ஆறு."